"எத்தனை ஃபேன் சார்?"

இன்வெர்ட்டர் கடையில் முதல் கேள்வியே, "எத்தனை ஃபேன், எத்தனை லைட் சார்?" எத்தனை வாட் என்று யாரும் கேட்பதில்லை. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30. இரண்டும் ஒன்றா, சொல்லுங்க?

பெட்டியில் போட்டிருக்கும் 900 வி.ஏ. என்பது 900 வாட் அல்ல. 150 ஏ.ஹெச். பேட்டரி, 12 வோல்ட்டில் 1800 வாட்-மணி. அதுவும் 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால்தான். வேகமாக இறக்கினால் அதற்கும் குறைவு. ஃப்ளாட் ரேட் வட்டி சொல்லும் அதே வித்தை! கடன் கொடுக்கும் நாங்கள் வருடாந்திர உண்மை வட்டியை எழுதிக் கொடுத்தாக வேண்டும். இவர்கள் மட்டும் ஏன் கூடாது?

"அளந்து பார்த்துக்கோங்க" என்பார்கள். எதை வைத்து? கரண்ட் போனபின் ஈ.பி. மீட்டர் ஓடாது. சதுர அலை இன்வெர்ட்டரில், சைன் அலைக்கென்று செய்த மலிவு கிளாம்ப் மீட்டர் 11 சதவீதம் வரை கூட்டிக் காட்டும். டி.சி. கிளாம்ப் மீட்டரை பேட்டரி வயரில் மாட்டுங்கள். 15 ஆம்பியர், 12.2 வோல்ட் என்றால் 183 வாட். ஓடுவது இரண்டு பழைய ஃபேன் (150 வாட்) மட்டும்தானா? மீதி 33 இன்வெர்ட்டர் தின்றது. எந்தப் பெட்டியில் இது இருக்கிறது?

ஆண்டாப் ஹில்லில் கரண்ட் கட் அபூர்வம். 2020 அக்டோபர் 12 மாதிரி எப்போதாவதுதான். ஆனால் 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டு. இங்கிருந்து பணம் அனுப்பி, வயசான அப்பா அம்மாவுக்கு இன்வெர்ட்டர் வாங்கித் தந்தவர்கள் எத்தனை பேர்! நெபுலைசர் பாதியில் நின்றால் ஃபேன் கணக்கு சொன்னவரா வந்து நிற்பார்?

இத்தனை வாட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள் :-)