போட்டோவில் பின்னால் இருப்பது

சென்ற ஆனி மாதம் ஓர் எண்பதாம் கல்யாணத்துக்காகத் திருவதிகை போயிருந்தேன். வீரட்டானேசுவரர் தரிசனம் ஆயிற்று, பந்தி ஆயிற்று, பண்ருட்டிப் பலாச்சுளையும் ஆயிற்று. அப்புறம் என்ன? ஆல்பந்தான்! உறவினர் வீட்டுக்குப் போய் அதிலிருந்து தப்பியவர் உண்டோ?

மணப்பெண்ணான பாட்டி, நெய்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் பாவாடைச் சிறுமியாக நிற்கிறார், பக்கத்தில் தம்பி.

"எவ்வளவு நீளப் பின்னல், பாட்டி!" என்றேன்.

"பின்னல் கிடக்கட்டும், பின்னால் பார் அம்மா!" என்றார்.

பின்னால், தரையில் நட்ட ஒரு குழாயிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"ஏற்றமில்லை, எஞ்சினில்லை, தானாக வரும். பேரன் நம்பவே மாட்டேன் என்றான். இதைக் காட்டித்தான் வாயை அடைத்தேன்."

பாட்டி சொன்னது கதையல்ல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் அடைபட்டிருக்கிறது. துளையிட்டால் மேலே பீறிடும். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் கரி தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளமாகிவிடும். ஆகவே இராப்பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1957-ல் நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் வந்தது. நம் வீட்டு மிக்ஸி சுழல்வதில் அதற்கும் பங்குண்டு என்பதை நான் மறக்கவில்லை.

2023 ஜூலையில் வந்த படங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பச்சை நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். பயிரைப் பார்த்தவர்கள் காதில் அது ஏறவில்லை. அந்தக் காட்சியைக் கண்டு அழுகை வந்துவிட்டதாக உயர் நீதிமன்ற நீதிபதியே சொன்னார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

ஒரு பகலில் நடந்ததைக் காமிரா பிடித்துவிட்டது. நாற்பது, ஐம்பது வருஷமாக மெல்ல மெல்ல நீர் இறங்குவதை எந்தக் காமிரா பிடிக்கும்? அதற்கு ஒரே இடத்தில், இரண்டு காலத்தில் எடுத்த இரண்டு படங்கள் வேண்டும். முதல் படம் அநேகமாக நம் பீரோவிலேயே இருக்கிறது, சகோதரிகளே! அத்தையின் தோளுக்குப் பின்னால் கெடிலம் ஆறு தெரியலாம். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு நிறைகிணறு தெரியலாம். நாம்தான் முகத்தையும் புடவைக் கரையையும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம். செல்போனில் நம்மையே எடுத்துத் தீர்ப்பதற்கு நடுவே, ஒரு நாள் அதே இடத்தில் போய் நின்று ஒரு படம் எடுத்தால் என்ன?

இதைப் பாட்டியிடமும் சொன்னேன்.

"எங்கே நிற்பது? அந்த இடந்தான் சுரங்கத்துக்குள் போய்விட்டதே!" என்றார்.

படத்தைத் திருப்பினேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. என் பேனாவை வாங்கி ஊர்ப் பெயரை எழுதினார். வருஷந்தான் நினைவுக்கு வரவில்லை. தம்பிக்குப் போன் போடச் சொன்னார்.