புதியவனுக்கு ஓரிடம்

நம் கொங்கு நாட்டிலே சிறு பிள்ளையையும் ‘வாங்க கண்ணு’ என மரியாதை சேர்த்தழைக்கும் வழக்கமுண்டு. வீட்டு வாயிலிற் காட்டும் இப்பண்பை நம்மவர் சதுரங்கப் பலகையின் முன் காட்டுகின்றாரில்லை. மாலைதோறும் விடுதியின் பொது அறையைப் பாருங்கள். பலகைகள் இரண்டு, ஆடுவோர் என்றும் அந்நால்வரே. முதலாண்டு மாணவனொருவன் தயங்கி வந்து, குதிரை எவ்வாறு செல்லுமென வினவுகின்றான். ஒருவன் நகைக்கின்றான், மற்றொருவன், ‘பார்த்துத் தெரிந்துகொள்’ என்கின்றான். மறுநாள் அவன் வருவதில்லை.

வல்லாரோடு பொருதியே வல்லவராக வேண்டும் என்பர் சிலர். மானுவேல் ஆரன் சென்னையில் 1972-இல் தோற்றுவித்த தால் சதுரங்கச் சங்கத்தையும் சான்று காட்டுவர். அங்கே விரைவாட்டத்தில் வென்றவன் இருக்க, தோற்றவன் எழுந்து தன் முறைக்குக் காத்து நிற்பானாம். சிறுவன் ஆனந்த் அங்ஙனம் பயின்று, 1988-இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரானார். மெய்யே. ஆயினும் ஆனந்துக்கு ஆறாம் வயதில் ஆட்டத்தைக் கற்பித்தவர் சங்கத்தாரல்லர், அவருடைய அன்னையார். பொறுமையாய்க் கற்பிக்க வீட்டிலே ஒருவர் இருந்தமையாலன்றோ, எழுந்து நிற்பது அவருக்குப் பாரமாகவில்லை! அத்தகைய அன்னை வாய்க்காதவனுக்கு யார் கற்பிப்பது?

நம் ஆடுபுலியாட்டத்தில் இதற்கு வழியுண்டு. புலி 3, ஆடு 15, புள்ளி 23. கரித்துண்டும் கூழாங்கற்களும் இருந்தால் கோயில் திண்ணையே களம். புலி தாவி வெட்டும். ஆடுகளோ வெட்டவியலா, சூழ்ந்து அடைத்தே வெல்ல வேண்டும். 15-உம் களத்தில் இறங்குமுன் ஓர் ஆடும் நகரலாகாது. ஆட்டுப் பக்கத்திற்கு வேண்டும் பொறுமை புதியவனிடம் ஏது? அவனுக்குப் புலியைக் கொடுத்துப் பழகியவன் ஆட்டை ஏற்பதே முறை. இரண்டோர் ஆட்டை வெட்டிச் சுவை கண்டவன் மறுநாள் தானே வருவான். பின்னர்ப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். சதுரங்கத்திலும் வல்லவன் தன் ராணியை எடுத்துவைத்துவிட்டு ஆடுவது மேனாட்டிற் பழைய வழக்கமே, அஃது இழிவன்று.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நிகழ்ந்தபோது, வேட்டி கட்டிய குதிரையொன்றைச் சின்னமாக்கித் ‘தம்பி’ எனப் பெயரிட்டனர். (அத்தம்பி நம் விடுதிக்கு வந்திருப்பின், அவனையும் தூணோரம் நிறுத்தியிருப்போம் போலும்!)

வரும் ஆண்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு பலகையைப் புதியவர்க்கென ஒதுக்குமாறு விடுதித் தலைவரை வேண்டுகின்றோம். வல்லவனொருவன் அதன்முன் முறைவைத்து அமரட்டும். காய் நகர்வை மும்முறை கேட்பினும் சொல்லட்டும். வேடிக்கை பார்ப்போர் வாய் திறவாதிருக்கட்டும். தாழ்வாரத்தில் ஆடுபுலிக் கட்டத்தை வரைந்து தருவது எம் பொறுப்பு.