குரூப் எடுத்த பிறகு வரும் முகாம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசலில் பெற்றோர் கூடிவிடுகிறார்கள். 'ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா சார்?' என்பதுதான் பெரும்பாலோரின் கேள்வி. மதிப்பெண் நிறைய இருந்தால் அறிவியல், நடுத்தரமென்றால் வணிகவியல், அதற்கும் கீழே போனால் தொழிற்கல்வி. பிள்ளைக்கு அப்போது வயது 15. ஆசிரியர், டாக்டர், போலீஸ் தவிர வேறு யாரும் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டான்.

குரூப் முடிவாகி, சீருடையும் மாறிய பிறகுதான் நாட்டு நலப்பணித் திட்டம் அவனிடம் வருகிறது. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பின்னாளில் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. ஏழு நாள் சிறப்பு முகாமில் ஒரு கிராமத்தில் தங்கி வேலை செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எதைப் படிப்பது என்று தீர்மானித்த பிறகு உலகத்தைக் காட்டுகிறோம். என் குறை இந்த வரிசையைப் பற்றியது.

அந்த முகாமில் என்ன பார்க்கக் கிடைக்கும்? வழக்கமாக நடக்கும் கண் பரிசோதனை முகாமையே எடுத்துக்கொள்வோம். பெயர் எழுதும் மேஜையில் ஒரு மாணவியை உட்காரவைத்தால் போதும். எழுத்து அட்டையைக் காட்டிப் பார்வையைச் சோதிப்பவர் ஒருவர், கண் அழுத்தம் பார்ப்பவர் ஒருவர், கண்ணாடிக்குப் பவர் குறிப்பவர் ஒருவர். 'கண்ணுல கத்தி வைக்கவா கூப்பிடுற?' என்று எழுந்துபோகும் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிச் சம்மதிக்க வைப்பதே ஒருவருக்கு முழுநேர வேலை. இத்தனைக்கும் நடுவில் டாக்டர் ஒருவரோ இருவரோதான். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்து இந்த வேலைகளில் அமர்த்துகிறது. மருத்துவம் என்றாலே எம்பிபிஎஸ், அது இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நம்பும் வீட்டுக்கு, ஆலோசனைக் கூட்டத்தில் நீட்டும் துண்டுப் பிரசுரத்தைவிட இந்த ஒரு பகல் அதிகம் சொல்லும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்ற தகவலைக் கொண்டுசேர்க்கின்றன. தகவல் வேறு, பழக்கம் வேறு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஆடிட்டர் மாமாவும் வங்கி அதிகாரி அத்தையும் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையிலேயே தொழில் புரிந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அந்த மாமா இல்லை. தொண்டு செய்யப் போகும் இடத்தில்தான் அப்படிப்பட்டவர்களைச் சந்திக்க முடியும்.

'இதற்கு மார்க் உண்டா?' என்று கேட்பார்கள். பொறியியல் தரவரிசைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கணக்கு முடிந்துவிடுகிறது. முகாமுக்கு அதில் இடமில்லை. இல்லாமலிருப்பதே நல்லது என்பேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1999 முதல் 40 மணி நேரத் தொண்டு இல்லாமல் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கிடையாது. டொராண்டோ தமிழ்ப் பிள்ளைகள் பலர் அந்த மணிகளைக் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் கழிக்கிறார்கள். தானே இடம் தேடிப் போவது அங்குள்ள சிறப்பு. கடைசி ஆண்டில் கையெழுத்துக்கு அலைவதும் அங்கு உண்டு. மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டால் நம் ஊரில் கையெழுத்து மட்டுமே மிஞ்சும். (சான்றிதழுக்குத் தனி டியூஷன் முளைத்தாலும் ஆச்சரியமில்லை.)

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். கூட்டம் சேர்க்கவும் அமைச்சர் வருகைக்கு வெயிலில் வரிசை கட்டவும் மாணவர்களை அழைப்பது தொண்டு ஆகாது. பெரியவர்கள் கூலி வாங்கிச் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதும் அப்படித்தான்.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கும் பத்தாம் வகுப்புத் தொடக்கத்துக்கும் நடுவில் ஒரு வாரம் போதும். காலையில் கண் முகாமோ, ஊராட்சி அலுவலகமோ, கிளை நூலகமோ, மாலையில் வீடு. ஆனால் பத்தாம் வகுப்புக்கான சிறப்பு வகுப்பை அந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடும் பள்ளிகள் இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமை ஆசிரியர் விளக்கம் எழுதித் தர வேண்டும். பிடிக்காத குரூப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்காக அவரிடம் இதுவரை யாரும் விளக்கம் கேட்டதில்லை.