பம்ப்செட் பைப்பும் பாய்மரப் படகும்

திலீப் தோண்டே 2009-10லும், அபிலாஷ் டோமி 2012-13லும் நம்ம மும்பையில் கிளம்பித் தனியாளாக உலகம் சுற்றிய 'மாதேய்' பாய்மரப் படகுதான். ஆனாலும் உள்ளே டீசல் எஞ்சின் உண்டு. சுனாபட்டியில் இருக்கும் பேங்க் ஆபீசருக்கு இது எதற்கு என்கிறீர்களா? படகுக் கடனுக்கு எஞ்சின் கொட்டேஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். ரப்பர் ஹோஸைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டை வழியாக வருகிறது. அந்த ஹோஸ் கழன்றால் எஞ்சின் மட்டுமல்ல, படகே போச்சு!

ஊரில் டீசல் பம்ப்செட் பார்த்திருப்பீர்கள். உறிஞ்சும் பக்கம் விறைப்பான பைப், வெளியே விடும் பக்கம் சுருட்டி வைக்கிற பைப். இங்கும் அதே கணக்கு. உறிஞ்சும் பக்கத்துக்குக் கம்பிச்சுருள் வைத்த மெரைன் ஹோஸ்தான் வேண்டும். சாதா பைப் இழுப்பில் சப்பிப்போகும், தண்ணீர் நிற்கும், எஞ்சின் கொதிக்கும். புகை போகும் ஹோஸ் வேறு ஜாதி. எஸ்ஏஇ ஜே2006 தரப்படி, தண்ணீர் நின்ற பிறகும் அது 2 நிமிடம் தாங்க வேண்டும்.

தோட்டத்துப் பிளாஸ்டிக் பைப்பை மாட்டுகிற புண்ணியவான்களும் உண்டு (பளபளப்பு, விலையும் மலிவு!). சூட்டில் கொழகொழத்துவிடும்.

கிளிப் 316 ஸ்டெயின்லெஸ், முனைக்கு 2. வாங்கும்போது திருகில் காந்தம் வைத்துப் பாருங்கள். பல கிளிப்புகளில் பட்டைதான் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பு. துபாயில் படகு வாங்கிய மச்சான் யாராவது இருந்தால், முதலில் இதைச் சொல்லுங்கள்.