பருவம் அறிந்து பயணம்

தோல் பதனிடும் தொழிலில் ஓர் உண்மை உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலை முன்னதாக எடுத்தால் மயிர் கழலாது. காலந்தாழ்த்தி எடுத்தால் தோல் வலுவிழந்து போகும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இதனை அறியாத பெரியவர் இலர். தோலுக்குப் பக்குவம் பார்க்கும் நம் சமுதாயம், பிள்ளைகளை அயல்நாட்டுக்குப் படிக்க அனுப்பும்போது மட்டும் அதனை மறந்துவிடுகின்றது.

கடவுச்சீட்டு வந்ததா, பணம் சேர்ந்ததா, அங்கே மாமன் இருக்கின்றாரா என்பவையே இன்று கேட்கப்படும் வினாக்கள். மாணவன் எந்தப் பருவத்தில் இருக்கின்றான் என்று கேட்போர் அரியர். முதலாண்டிலேயே விமானம் ஏறி, அங்கும் ஒன்றாமல், இங்கும் தேர்வுகளை முடிக்காமல் திரும்பிய இளைஞர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

ஓரிரு பருவம் வெளிநாட்டில் பயில விரும்பும் இளங்கலை மாணவர்க்கு ஐந்தாம் பருவமே ஏற்றது என்பது நம் கருத்து. பெரும்பாலான பட்ட வகுப்புகளில் மொழிப்பாடமும் ஆங்கிலமும் நான்காம் பருவத்தோடு நிறைவுறுகின்றன. தாய்மொழியில் தெளிவாக எழுதத் தெரிந்தவனே பிறமொழியிலும் தெளிவாகச் சிந்திப்பான். இறுதிப் பருவத்திலோ ஆய்வேடும் வேலைவாய்ப்பு நேர்காணலும் காத்திருக்கும். அப்போது ஊரில் இருப்பதே நலம்.

நாட்காட்டியையும் நோக்குதல் வேண்டும். நம் ஐந்தாம் பருவம் ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை. அமெரிக்காவின் இலையுதிர்காலப் பருவம் பெரும்பாலும் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடிகின்றது. அது ஒருவாறு பொருந்தும். ஜெர்மனியின் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்வதால் நம் ஆறாம் பருவத்தையும் விழுங்கிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள், தகுதி பெற்ற கல்லூரிகள் ஒப்பந்தம் செய்துகொண்டு நடத்தும் இணைப்புப் படிப்புகளில், மொத்த மதிப்பில் 30 விழுக்காடு வரை அயல்நாட்டில் ஈட்ட இடந்தருகின்றன. ஆறில் ஒரு பருவம் அவ்வரம்புக்குள் அடங்கும். ஆயினும், அங்குப் பெறும் மதிப்பெண் இங்கே ஏற்கப்படும் என்பதை எழுத்தில் பெறாமல் எவரும் புறப்படலாகாது. ஆகவே மூன்றாம் பருவத்திலேயே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும். அத்தகைய ஒப்பந்தம் இல்லாதவிடத்துப் பட்டத்தை முடித்தபின் செல்வதே அறிவுடைமை.

இங்கே அடித்தளம் இட்டபின் அங்கே செல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1924இல் ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் தோன்றிய ஜாமிஆ தாருஸ்ஸலாமில் கற்றுத் தேர்ந்த பலர், 1961இல் தொடங்கப்பெற்ற மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் மேற்கல்வி பெற்றனர். அங்ஙனம் சென்று, அங்கேயே ஹதீஸ் துறைப் பேராசிரியராக உயர்ந்தவர் ஸியாவுர் ரஹ்மான் அஸ்மி. இராமேசுவரத்து அப்துல் கலாம் திருச்சியிலும் சென்னையிலும் பயின்று, பணியிலும் அமர்ந்த பின்னரே 1963இல் அமெரிக்காவின் நாசாவுக்குப் பயிற்சி பெறச் சென்றார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் எழுந்தபோது அப்பணியில் அவரும் இருந்தார். கையில் சரக்கோடு சென்றவர், கூடுதல் சரக்கோடு திரும்பினார்.

இறுதியாகப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்கூறிய அனைத்தையும் மகனை மனத்திற்கொண்டே நீங்கள் படித்திருப்பீர்கள். நம் வகுப்புகளில் முதல் வரிசை மதிப்பெண்களைப் பெறுவோருள் பலர் மாணவியர். மூன்றாம் ஆண்டில் அவர்கள் வீட்டில் நிக்காஹ் பேச்சு எழுகின்றது. “பிறகு கணவனோடு போகட்டும்” என்று விடை கிடைக்கின்றது. அந்தப் “பிறகு” பெரும்பாலும் வருவதேயில்லை. உணவு, உடை, தொழுகை பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. தக்க விடுதியும் துணையும் தேடுங்கள், விசாரியுங்கள், தயங்காமல் வினவுங்கள். ஆனால் வினவாமலேயே மறுத்துவிடாதீர்கள். இருபது வயதில் தன் மார்க்கத்தையும் மொழியையும் அறிந்த மகள், நான்கு திங்களில் அவற்றை இழந்துவிடமாட்டாள்.

தொட்டியில் ஊறும் தோலுக்கு நாள் எண்ணும் நாம், வீட்டில் வளரும் அறிவுக்கும் நாள் எண்ணுவோம். வல்ல இறைவன் துணை நிற்பானாக!