அலைக்கு ஏற்ற கலம்

நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கி ஒன்றை வாங்கப் போவதாக நண்பர் ஒருவர் சொன்னால், நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சிசி?" என்பதுதான். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது கேட்டுப் பழகிய கேள்வி அது. ஏரியிலோ அலையடிக்காத குடாவிலோ ஓட்டுவதற்கு அந்தக் கேள்வியே போதும். ஆனால் கரையோரம் உடையும் கடலலைமீது ஏறி விளையாட விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது எஞ்சினைப் பற்றியன்று. 'ஹல்' என்று கடைக்காரர்கள் சொல்லும் அடிக்கூட்டைப் பற்றித்தான். எஞ்சினைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அடிக்கூடு தவறாக அமைந்துவிட்டால் பணமும் போகும். சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து நேரும். இதை வலியுறுத்தவே இக்கட்டுரை.

பட்டம் பெற்று வேலைக்குப் போன நம் அண்ணன்மார் சிலர், மூன்று நான்கு பேராகப் பணம் சேர்த்து இத்தகைய வாகனம் வாங்கத் தொடங்கியுள்ளனர். கல்விக் கடனையே இன்னும் கட்டி முடிக்காத நிலையில் அவர்கள் போடும் பணம் அது. அவர்களைப் பார்த்து ஆசைப்படும் தம்பி தங்கைகளும் நம்மிடையே உண்டு. ஆகவே இதைப் பற்றி நம் மொழியிலேயே பேசிக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு சிறு வரலாறு. 1973ஆம் ஆண்டு, கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கரின் வடிவமைப்பைக் கொண்டு ஜப்பானின் கவாசாக்கி நிறுவனம் நின்று ஓட்டும் ஜெட் ஸ்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1990இல் யமஹாவின் சூப்பர்ஜெட் வந்தது. மிதவைகளைச் சுற்றி ஓடும் பந்தயங்களில் இவை பெயர் பெற்றன. அலையில் விளையாட விரும்பியவர்களோ இவற்றை அறுத்தும் ஒட்டியும் மாற்றிக்கொண்டார்கள். பின்னர் ரிக்டர் போன்ற சிறு நிறுவனங்கள், அலைக்கென்றே கண்ணாடி இழையிலும் கார்பன் இழையிலும் தனி அடிக்கூடுகளைச் செய்து விற்கத் தொடங்கின.

எனவே இன்று வாங்குகிறவர் முன் மூன்று வகைகள் உள்ளன. ஒன்று, பெரியது. கவாசாக்கி 2017இல் வெளியிட்ட எஸ்எக்ஸ்-ஆர் இதற்கு எடுத்துக்காட்டு: 1498 சிசி, ஏறக்குறைய 2.66 மீட்டர் நீளம், 250 கிலோ எடை. இரண்டாவது, நடுத்தரம். 2020 வரை வந்த டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட் 2.24 மீட்டர் நீளமும் 68 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. எடை 140 கிலோவைத் தாண்டாது. 2021 முதல் அதே பெயரில் வரும் ஃபோர் ஸ்ட்ரோக் வாகனம் 2.43 மீட்டருக்கு நீண்டு, 170 கிலோ அளவுக்குக் கனத்துவிட்டது. மூன்றாவது, அலைக்கென்றே செய்யப்படும் குட்டை அடிக்கூடு. மூக்கு மேல்நோக்கி நன்றாக வளைந்திருக்கும். எடை மிகக் குறைவு. காணொளிகளில் அலையின் உச்சியிலிருந்து பறந்து, வானில் தலைகீழாகச் சுற்றி இறங்குபவை இவைதாம்.

இவற்றுள் எது நல்லது? இந்தக் கேள்விக்கு விடை காண, அடிக்கூட்டின் உறுப்புகள் அலையில் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். மூக்கு வளைந்திருந்தால், அலையிலிருந்து இறங்கும்போது அது நீருக்குள் குத்தாது. ஆனால் வளைவு கூடினால் நேராக ஓடும் தன்மை குறையும். சிறு சலசலப்புக்கும் வாகனம் ஆடும். பக்க விளிம்பு கூராக இருந்தால் திருப்பத்தில் நீரைக் கத்திபோல் பற்றிக்கொள்ளும்; உருண்டிருந்தால் வழுக்கித் திரும்பும். அடிப்பகுதி தட்டையாக இருந்தால் விரைவில் நீர்மேல் எழும்பி ஓடும். ஆனால் உயரத்திலிருந்து விழுந்தால் அந்த அடியை முழங்காலும் முதுகும்தான் வாங்கும். நீளம் குறைந்தால் சுழற்றுவது எளிது. ஆனால் நிற்கும்போது மிதப்பும் குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. ஜெட் ஸ்கி நீரை உள்ளிழுத்துப் பின்னால் பீய்ச்சித்தான் நகர்கிறது. உடைந்த அலையின் வெண்ணுரையில் பாதி காற்று. பம்பு அந்தக் காற்றை விழுங்கினால் எஞ்சின் அலறும், வாகனமோ நகராது. இந்த நேரத்தில் எத்தனை சிசி இருந்து என்ன பயன்? பம்பின் வாயை நல்ல நீருக்குள் அமிழ்த்தி வைத்திருப்பது அடிக்கூட்டின் வேலை.

இனி, நம் கடலைப் பார்ப்போம். கலிபோர்னியக் கரைக்கு வரும் பேரலைகள் பல, பசிபிக் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். செராத்திங்கிலும் தேசாருவிலும் நாம் பார்ப்பது வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கிளப்பி அனுப்பும் அலைகள் நெருக்கமானவை. ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது தலைமேல் நிற்கும். இந்த நெருக்கத்தில் 250 கிலோ எடையுள்ள நீண்ட வாகனத்தைத் திருப்புவதற்குள் இடம் தீர்ந்துவிடும். குட்டை அடிக்கூடோ, தேர்ந்தவர் கையில் துள்ளும், புதியவரைத் தள்ளிவிடும். மலாக்கா நீரிணையிலும் சிங்கப்பூர்க் கரையிலும் பெரும்பாலும் அலையே இல்லை. அங்கு மட்டும் ஓட்டப் போகிறவர் அலைக்கான அடிக்கூட்டை வாங்குவது, வீட்டுக் கூடத்தில் ஓட்ட லாரி வாங்குவது போலத்தான்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஒரு டிசம்பர் மாதம், நண்பர் புதிதாக வாங்கிய கார்பன் இழை வாகனத்தைக் கிழக்குக் கரைக்கு எடுத்துச் சென்றோம். ஏரியில் அதை மூன்று வாரம் ஓட்டிப் பழகியிருந்தேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பாக் சிக் ஒருவர், "இவ்வளவு குட்டைப் படகிலா போகிறாய்?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டாவது அலையிலேயே விழுந்தேன். ஏற முயன்றால் பின்பகுதி அமிழ்ந்தது. ஒருவாறு ஏறி முடுக்கினால், நுரையில் பம்பு காற்றை விழுங்கியது. மீண்டும் விழுந்தபோது வாகனத்துக்கும் கரைக்கும் நடுவில் இருந்தேன். அடுத்த அலை அதைத் தூக்கி என் தோள்மீது போட்டது. காரை எலும்பு முறிந்தது. அந்தப் பருவத் தேர்வில் இரண்டு தாள்களை எழுத முடியவில்லை. நண்பர் அந்த வாகனத்தை ஆறே மாதத்தில் நட்டத்துக்கு விற்றார். வாகனத்தில் குறையில்லை. எங்களுக்கும் அந்தக் கடலுக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவே.

ஆகவே என் கருத்து இதுதான்: நம் கிழக்குக் கரையில் அலை பழக விரும்புகிறவருக்கு முதல் வாகனம், 1996 முதல் 2007 வரை வந்த வட்ட மூக்குச் சூப்பர்ஜெட். நெருங்கிய அலைகளிடையே திரும்பும் அளவுக்கு அது குட்டை. விழுந்தவர் மீண்டும் ஏறும் அளவுக்கு அது நீளம். இருவர் சேர்ந்து கரையேற்றக்கூடிய எடை. உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன.

"பழைய வாகனத்தில் ஏன் காசைப் போட வேண்டும்? குட்டையானதையே வாங்கி மெல்ல மெல்லப் பழகலாமே" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் அலையில் மெல்லப் பழகுவது என்பது நூறு முறை விழுந்து நூறு முறை ஏறுவது. ஏறவே முடியாத கலத்தில் எதைப் பழகுவது? இரண்டு பருவக்காற்றுக் காலம் விழுந்து எழுந்தபின், தன் உடல் எடையும் தன் ஆட்டமும் என்னவென்று தெரிந்தபின், குட்டை அடிக்கூட்டுக்குப் போகலாம். அப்போது அந்தப் பணம் வீணாகாது.

பழையதை வாங்கும்போது எஞ்சின் ஓசையைக் கேட்டு மயங்க வேண்டாம். வாகனத்தைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். மிதப்பதற்காக உள்ளே நிரப்பிய நுரைப்பஞ்சு, ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சிக் கனத்திருக்கும். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்டும் விளிம்பிலும், நிற்கும் தட்டிலும், பம்பு பொருத்திய இடத்திலும் வெடிப்பு உள்ளதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மிச்சப்படும் பணத்தில் கால் செருகும் பிடிகள், உள்ளே புகும் நீரை இறைக்கும் சிறு மின்பம்பு, நல்ல மிதவை அங்கி, தலைக்கவசம் ஆகியவற்றை வாங்குங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிறு எப்போதும் மணிக்கட்டில் இருக்கட்டும். விழுந்தால் வாகனத்துக்குக் கடல் பக்கமாக ஒதுங்குங்கள். குளிப்பவர்கள் அருகில் வேண்டாம். சிவப்புக் கொடி பறக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதன்று. துறைமுகம் கட்டப்படும் முன் சென்னைக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்க முடியாது. ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். பலகைகளை ஆணியடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதினால் அவை நெளிந்து கொடுத்தன. கப்பல்களின் விறைப்பான படகுகளோ உடைந்தன. நீர் புகுந்தாலும் வழிந்தோடிவிடும் கட்டுமரமும் அதே கரையில் பிறந்ததுதான். அந்த மீனவர்கள் அலையைப் பார்த்த பிறகே கலத்தைச் செய்தார்கள்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவது நாம் அறிந்ததே. மன்னனுக்குச் சொன்னது, கடலில் இறங்கும் மாணவனுக்கும் பொருந்தும். என் வலிமை எவ்வளவு? இது எந்தப் பருவம்? இது எந்தக் கரை? இந்த மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டு, நான்காவதாகக் கேளுங்கள், எத்தனை சிசி என்று.