மந்தம் என்னும் வசவு

"பையன் மந்தமாயிருக்கிறான், எப்படி முடுக்கிவிடுவது?" என்று கேட்காத பெற்றோர் இல்லை, உபாத்தியாயரும் இல்லை. முடுக்கிவிடுவதற்குப் பிள்ளை என்ன கடிகாரமா? "மந்தம்" மரியாதைக் குறைவென்று பள்ளிக்கூடங்கள் இப்போது "மெல்லக் கற்போர்" என்கின்றன. பெயர் மாறிற்று, பார்வை மாறவில்லை.

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அங்கே மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில், எழுத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிற முதல் ஆளே பள்ளிக்குப் போகும் பிள்ளைதான். பெற்றோர் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கினால் அவன் படிப்பும் நடுவில் அறுந்துபோகும். அப்பா மடியில் பத்திரிகை பார்த்து வளர்ந்த பையனோடு இவனையும் ஒரே மணியடித்து ஓடச் சொல்கிறோம். பின்தங்கினால் "ஊக்கமில்லை" என்கிறோம். என்ன நியாயம்!

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது கவனியுங்கள். வாசிக்கத் தெரிந்தவன் ஒருமுறை நிமிர்ந்தால் ஒரு வாக்கியத்தையே அள்ளிக்கொண்டு குனிகிறான். வாசிப்புப் பிடிபடாதவனோ எழுத்துக்கு எழுத்து நிமிர வேண்டும். அவனுக்கு அது சொல்லல்ல, சித்திரம். இருவரில் அதிகம் உழைப்பவன் யார்? அவனுக்குத்தான் சோம்பேறிப் பட்டம்!

சோம்பேறிப் பிள்ளையே கிடையாதா என்பீர்கள். உண்டு. ஆனால் தீர்ப்பெழுதுமுன் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, கீழ்வகுப்புப் பாடம் வருமா என்று பார்த்தீர்களா? கற்றல் குறைபாடு என்று ஒன்று இருப்பதை 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. "அடியாத மாடு படியாது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மாட்டுக்குச் சொன்னது.

தமிழ்நாடு இதை அறியாததல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏணி ஏறலாம் என்பதே விதியாயிருந்தது. நல்ல விதி. "பக்கத்துப் பையன் எத்தனையாவது படியில் இருக்கிறான்?" என்று கேட்கிற நமக்குத்தான் அது செரிக்கவில்லை.

பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று கொடுங்கள். முதல் கணக்கைக் கூட உட்கார்ந்து போடுங்கள். வீட்டிலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பத்து ஏவல் ஏவாமல், ஒரு வேலையைச் சொல்லி, அது முடியும்வரை வாயை மூடிக்கொள்ளுங்கள். முடித்த ருசி கண்ட பிள்ளை மறுபடி முடிக்க வருவான்.

சர்க்காருக்கும் ஒன்று. மலையில் உண்டு உறைவிடப் பள்ளி வைத்துச் சோறும் படுக்கையும் கொடுப்பது பெரிய காரியந்தான். ஆனால் மாலை வேளையில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கொடுக்காவிட்டால், மந்தம் யாருடையது?